முதலாளியின் சொல்லும் நாட்டின் சட்டமும்

கொழும்புப் புறக்கோட்டைக் கடைகளிலே முன்னாளில் வேலைக்குச் சேர்ந்த சிறுவன், பெரும்பாலும் சம்பளம் எவ்வளவென்று கேட்பதில்லை. ஊரவர் ஒருவரின் சொல்லை நம்பி வருவான், கடையிலே உண்பான், இரவில் அங்கேயே பாயை விரிப்பான். தகப்பனுக்குப் பதிலாக நின்றவர் முதலாளி. நல்லவர் வாய்த்தால் பின்னாளில் தனிக்கடை வைக்க முதலும் கிடைக்கும். வாய்க்காவிட்டாலோ, இருபது வருட உழைப்புக்குச் சாட்சி சொல்ல ஒரு துண்டுக் காகிதமும் இராது.

1938ஆம் ஆண்டின் கடைகள் கட்டளைச் சட்டம் இந்நிலையில் முதலில் கைவைத்தது. அதன் இடத்துக்கு வந்த 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம், கடை, காரியாலய ஊழியரின் வேலைநேரத்தை நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 45 மணி என வரையறுத்தது. வாரந்தோறும் ஒன்றரை நாள் ஓய்வும் அளித்தது. 1957இல், நீக்கப்பட்ட தொழிலாளி முறையிடுவதற்குத் தொழில் நியாய சபைகள் வகுக்கப்பட்டன. 1958இல் ஊழியர் சேமலாப நிதி தோன்றியது. ஒரேயொரு சிப்பந்தியை வைத்திருப்பவரும் இன்று அந்நிதிக்குச் சம்பளத்தில் 12 சதவீதம் செலுத்தவேண்டும்; சிப்பந்தியின் பங்கு 8 சதவீதம்.

பின்னர் 15 என்னும் எண் முக்கியம் பெற்றது. 15 பேர் கொண்ட நிறுவனம், ஒழுக்கக் குற்றமின்றி ஒருவரை நீக்குவதானால், அவரது எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ வேண்டுமென்றது 1971ஆம் ஆண்டுச் சட்டம். 1983ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டமும் அதே எண்ணைக் கொண்டது. ஐந்தாண்டு சேவை செய்த மாதச் சம்பளக்காரருக்கு, ஆண்டொன்றுக்கு அரைமாதச் சம்பளம் உரித்தாயிற்று. இவ்வெல்லைக்கு அஞ்சிப் பதினான்குடன் நின்றுவிடுவோரும் உண்டென்பது பொருளியலாளர் கூறும் குறை.

ஆயினும் நேயர்களே, இவ்வெண்ணிலே ஓர் உண்மை உண்டு. ஐந்து பேர் உள்ள கடையில் எவன் தாய் நோயுற்றாள் என்பது முதலாளிக்குத் தெரியும். ஆட்கள் பெருகினால் இடையில் கணக்கப்பிள்ளை வருவார், மேற்பார்வையாளர் வருவார். முதலாளியின் கருணை அருகில் நிற்பவனை மட்டுமே எட்டும். பின்கட்டில் மூட்டை சுமப்பவனை எட்டாது. நினைவிலிருந்த நீதியை ஏட்டில் எழுதவேண்டிய கட்டம் அதுதான். அதை உணர்ந்து லீவுக்கும் சம்பளத்துக்கும் ஒழுங்கான பதிவு வைத்தவரே, தொழிலோடு தாமும் வளர்ந்தவர்.

இரக்கமுள்ள முதலாளி இன்றும் வேண்டப்படுபவரே. ஆனால் அவர் காலத்துக்குப் பின்னும் மூட்டை சுமந்தவனின் இருபது வருடத்தைக் காப்பது, அவர் எழுதிவைத்த பதிவே.