கோபாலுக்குச் செதுக்கிய கல்லறைக் கல்

டெலிவரி நேரம் என்பதால் கொஞ்ச நாளாய் இந்தப் பக்கம் தலைகாட்ட முடியவில்லை.

போன வாரம் எங்கள் டீமில் ஒரு தங்கச்சி, சேர்ந்து ஒன்றரை வருஷம்தான் ஆகிறது, என் சீட்டுக்கு வந்து, "அண்ணா, ராத்திரி ஓடுற பேட்ச் ஏன் இன்னும் கோபால்லயே இருக்கு? நான் பைத்தான்ல எழுதிக் காட்டட்டுமா?" என்று கேட்டாள். (சரோஜாதேவி கூப்பிடும் கோபால் இல்லைங்க. இது கம்ப்யூட்டர் மொழி.) அரை நொடிகூட யோசிக்காமல் "வேணாம்மா" என்றேன். "சரிண்ணா" என்று போய்விட்டாள். அந்த "வேணாம்மா" எங்கிருந்து வந்தது என்றுதான் ஒரு வாரமாய்க் குடைச்சல்.

1999ல் நான் பொட்டி தட்ட வந்ததே ஒய்டுகே புண்ணியத்தில். இரண்டு இலக்க வருஷத்தை நாலு இலக்கமாக்கும் வேலை. கோபாலில் வாக்கியம் 12வது காலத்தில் ஆரம்பிக்கணும், 72ஐத் தாண்டக் கூடாது. 80 துளை வரிசை இருந்த அட்டைகளின் காலத்துச் சட்டம். அட்டை போய் எவ்வளவோ வருஷமாச்சு, என் கை இன்னும் எந்த எடிட்டரைத் திறந்தாலும் 12க்குத்தான் போகுது.

வேடிக்கை என்னவென்றால், இன்று "பழசு" என்று சிரிக்கிற எல்லாமே ஒரு காலத்தில் "புதுசா? வேணாம்" என்று விரட்டப்பட்டவை. 1952ல் கிரேஸ் ஹாப்பர் கம்பைலர் என்ற ஒன்றைச் செய்து ஓட்டியே காட்டினார். கணக்குப் போடுற மிஷின் எப்படி புரோகிராம் எழுதும் என்று அதைத் தொடவே ஆளில்லை. அடுத்து ஐபிஎம்மில் ஜான் பேக்கஸ் கோஷ்டி ஃபோர்ட்ரான் செய்யக் கிளம்பியது. அன்றைய புரோகிராமர்கள் தங்களைக் கர்ப்பக்கிரகத்துக்குள் போகும் உரிமை உள்ள குருக்கள் மாதிரி நினைத்துக்கொண்டிருந்தார்கள் என்று பேக்கஸே பின்னால் எழுதினார். கையால் எழுதினால்தான் வேகம், மிஷின் எழுதினால் மந்தம் என்பது அவர்கள் வாதம். அது வெறும் திமிர் இல்லை. அதற்கு முன் வந்த தானியங்கி முறைகள் நிஜமாகவே ஆமை வேகம். அதனால் பேக்கஸ் கோஷ்டி, கை எழுத்துக்குச் சமமாய் ஓடாவிட்டால் ஒருத்தனும் சீந்த மாட்டான் என்று தெரிந்தே உழைத்தது. எப்ப முடியும் என்று கேட்டால் "ஆறு மாசம்" என்பார்களாம். எப்போது கேட்டாலும் அதே ஆறு மாசம்! (நம்ம ஊர் டேமேஜர்கள் கவனிக்க.) 1957ல் வெளியே வந்தது. சில வருஷங்களில் அதே குருக்கள் ஃபோர்ட்ரானைத் தவிர வேறு தெய்வம் இல்லை என்றார்கள்.

கோபால் கதை இன்னும் ஜோர். 1959 மே மாதம் பென்டகனில் கூட்டம். அமெரிக்க ராணுவத்திடம் பல கம்பெனி மிஷின்கள், ஒன்றில் எழுதியது இன்னொன்றில் ஓடாது. பொதுவாய் ஒரு மொழி வேண்டும் என்று கமிட்டி போட்டார்கள். கமிட்டி என்றால் தெரியும்தானே, இழுத்தது. கடுப்பான ஹோவர்ட் பிராம்பெர்க், ஆர்சிஏ கம்பெனிக்காரர், நிஜமாகவே ஒரு கல்லறைக் கல் வாங்கி, மேலே ஆட்டுக்குட்டி, கீழே கோபால் என்று செதுக்கி, தலைவர் சார்லஸ் பிலிப்ஸுக்கு அனுப்பிவிட்டார். பிறக்குமுன்னே காரியம்! 1960 டிசம்பரில் ஒரே புரோகிராம் இரண்டு வேறு கம்பெனி மிஷின்களில் ஓடியது. கோபால் கம்பைலர் இல்லாத மிஷினை வாங்க மாட்டோம் என்று ராணுவமும் நின்றது. வாங்குகிறவன் கேட்டால் விற்கிறவன் என்ன செய்வான்?

அதே ராணுவம் பின்னாளில் அடா மொழிக்கும் இதே கம்பை எடுத்தது. 1983ல் தரம் நிர்ணயித்து, 1991ல் கட்டாயமாக்கி, 1997ல் கைவிட்டது. கம்ப்யூட்டர் சந்தையில் அது பெரிய வாடிக்கையாளராய் இருந்த காலம் அதற்குள் போய்விட்டது. அதிகாரம் மட்டும் போதாது, நேரமும் கூடணும். ஐபிஎம் 1960களில் பிஎல்/1 என்று ஃபோர்ட்ரான், கோபால் இரண்டுக்கும் சேர்த்து ஒரே மாற்றாய்க் கொண்டுவந்தது. இரண்டு பேரும் அவரவர் வீட்டிலேயே இருந்துகொண்டார்கள்.

என்னை உலுக்குவது 1977ம் வருஷச் சங்கதி. டூரிங் விருது வாங்கிய பேக்கஸ் அந்த மேடையிலேயே, தான் ஆரம்பித்து வைத்த வகையறா மொழிகள் எல்லாம் நம் சிந்தனையைக் கட்டிப்போடுகின்றன, வேறு பாணிக்கு வாருங்கள் என்று பேசினார். பெத்த அப்பனே "இவன் வேணாம்" என்கிறார். பிள்ளையோ கம்பெனி கம்பெனியாய் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறான்! யாரும் கேட்கவில்லை. இன்றைக்கும் பைத்தானில் சைபை வைத்துக் கணக்குப் போடுகிறவர்களுக்கு அடியில் ஃபோர்ட்ரான் காலத்து லாபேக் நூலகம் ஓடுகிறது.

டேமேஜர் பக்கத்தையும் சொல்லணும். 2018 ஏப்ரலில் பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி ஒரு சிஸ்டத்திலிருந்து இன்னொன்றுக்குக் கணக்குகளை மாற்றியது. லட்சக்கணக்கான பேர் தங்கள் கணக்கைப் பார்க்க முடியாமல் தவித்தார்கள், தலைமை அதிகாரி பதவி போனது. இதைக் கேட்ட எந்த மேலாளர் கையெழுத்துப் போடுவார்? மாற்றாமல் இருந்தாலும் ஆபத்துதான். 2020 ஏப்ரலில், கொரோனாவில் வேலையிழந்தவர்கள் கூட்டம் குவிந்தபோது, நியூஜெர்சி ஆளுநர் கோபால் தெரிந்த தன்னார்வலர்கள் வேண்டும் என்று டிவியில் கேட்டார். ஆனால் மாற்றியவனுக்குத் தண்டனை உடனே. மாற்றாதவனுக்கு அடுத்தவர் பதவிக்காலத்தில்.

தங்கச்சியிடம் நான் சொல்லியிருக்கக்கூடிய நியாயமான காரணம் ஒன்று உண்டு. கோபால் காசுக் கணக்கைத் தசமத்திலேயே போடும். பைத்தானில் சும்மா 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வரும். அதற்கும் அங்கே டெசிமல் என்று தனி வழி இருக்கிறது என்பதை நேற்று ராத்திரிதான் படித்தேன். அதாவது "வேணாம்மா" சொன்னபோது இது எதுவும் என் மண்டையில் இல்லை. இருந்தது ஒன்றே ஒன்று. அந்த பேட்ச் ராத்திரி இரண்டு மணிக்கு விழுந்தால் எழுப்புவது என்னைத்தான். அது பைத்தானாகிவிட்டால் எழுப்புவது அவளை. அப்புறம் இங்கே எனக்கு என்ன வேலை?

திங்கட்கிழமை அவளைக் கூப்பிட்டு ஒரு சின்ன ரிப்போர்ட் புரோகிராமைக் கொடுத்தேன். இரண்டையும் ஒரு மாசம் பக்கத்து பக்கத்தில் ஓட்டிப் பார்ப்போம், ஒரு பைசா வித்தியாசம் வந்தாலும் உட்கார்ந்து தேடுவோம் என்றேன். "நெசமாவாண்ணா?" என்றாள். டேமேஜரிடம் அனுமதி கேட்டு மெயில் போட்டிருக்கிறேன். "அடுத்த குவார்ட்டர் பார்ப்போம்" என்று பதில் வந்திருக்கிறது.