குறிஞ்சியும் கோப்பியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலை இல்லை. குறிஞ்சித் திணையைப் பாடங்கேளாத தமிழ் மாணவரும் இங்கு இல்லை. குறிஞ்சிக்கலியைத் தன்னகத்தே கொண்ட கலித்தொகையை 1887இல் அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை நமது சிறுப்பிட்டியிற் பிறந்தவர். ஆயினும், அம்மலரின் உறவுச் செடிகள் இத்தீவின் மலைகளிலேயே பூக்கின்றன என்பதை நமது வகுப்பறைகளில் நாம் அரிதாகவே கேட்கின்றோம்.

நீலக்குறிஞ்சி மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்ந்த புல்வெளிகளில் வளர்வது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கூட்டமாகப் பூத்து, விதை சொரிந்து, கூட்டமாகவே மடியும். அதே பேரினத்தைச் சேர்ந்த வேறு இனங்களை இலங்கையில் ‘நெலு’ என்பர். அவற்றுட் பல உலகில் வேறெங்கும் இல்லாதவை. ஹோட்டன் சமவெளியைச் சூழ்ந்த முகிற்காடுகளில், மரங்களின் கீழே புதராய் அடர்ந்து வளர்பவை அவை. பூக்கும் பருவத்தில் தேனீக்களும், விதை முற்றியதும் காட்டுக்கோழிகளும் வந்து திரளும். பல்லாண்டுக்கு ஒருமுறையே விதைக்கும் செடிக்கு ஓர் இடர் உண்டு: பூக்குமுன் காடு அழிந்தால் அத்தனை ஆண்டு வளர்ச்சியும் விதையின்றி முடிந்துவிடும்.

காடு தானாக அழியவில்லை. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், உறுதி காட்டப்படாத காடுகளையும் தரிசுகளையும் முடிக்குரியனவாகக் கொண்டது. துரைமார் வாங்கினர், காடு எரிந்தது, கோப்பி எழுந்தது. 1869இல் இலைத்துரு நோய் தோன்றிக் கோப்பியை வீழ்த்த, ஜேம்ஸ் டெயிலர் 1867இல் லூல்கந்துரவிற் பயிரிட்ட தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. அவற்றை நட்டுக் காத்த கைகள், பஞ்சமும் சாதிக்கொடுமையும் தமிழகத்திலிருந்து துரத்திய உழைப்பாளிகளுடையவை.

தாவரவியலறிஞர் ஜோசப் ஹூக்கரின் ஆலோசனைப்படி, 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை வெட்டலாகாதென 1873இல் ஆங்கில அரசு தடுத்தது. பூவின்மீது கொண்ட இரக்கமன்று அது. நீரூற்றுக் குன்றினால் தோட்டமும் குன்றும் என்ற கணக்கென்றே நாம் கருதுகின்றோம். (அக்கோட்டையும் தாண்டித் தேயிலை ஏறிய இடங்கள் உண்டு.) எனினும், உயர்மலை நெலு எஞ்சியதற்கு அத்தடையும் ஒரு காரணம். ஹோட்டன் சமவெளி 1988இல் தேசியப் பூங்காவாயிற்று.

கோட்டுக்குக் கீழே உழைத்த மக்களுக்கு அத்தகைய காப்பு எதுவும் கிடைக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. இப்பிரச்சினை யாழ்ப்பாணத் தலைமையையும் பிளந்தது. 1949இல் தமிழரசுக் கட்சி தோன்றியதற்கு அதுவும் ஒரு காரணம். 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமெனப் பங்கிட்டது. மேலும் 1,50,000 பேரின் கதியைப் பிற்பாடு பார்ப்போமென ஒத்திவைத்தது. இந்த மண்ணிற் பிறந்தவர்களிடம் எவரும் விருப்பம் கேட்டு அக்கணக்கைப் போடவில்லை. எஞ்சிய நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல் வந்தது. லயன்களில் வாழும் குடும்பங்களுட் பல, காணி உறுதியின்றியே இன்றும் உள்ளன.