அரசி கரோலைனின் மரணமும் கொப்பூழ்க் குடலிறக்கமும்

சரித்திர நூல்களிற் கொள்ளைநோய்கள் பெறும் இடத்தைத் தனியொருவர் உடலுள் மறைந்திருந்த நோய்கள் பெறுவதில்லை. இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஜோர்ஜின் அரசியான கரோலைன் 1737 நவம்பர் 20 ஆந் திகதி, தமது 54 ஆவது வயதில், கொப்பூழ்க் குடலிறக்கத்தால் இறந்தமை இவ்வகையில் ஆராயத்தக்கது.

கருவிலுள்ள குழந்தைக்குக் கொப்பூழ்க்கொடி செல்லும் துவாரம் பிறப்பின் பின் மூடிக்கொள்ளும். அவ்வாறு மூடாதவிடத்துக் குழந்தைகளில் தோன்றும் வீக்கம் பெரும்பாலும் நாலைந்து வயதுக்குள் தானே மறையும். வளர்ந்தோர் நிலை வேறு. பலமுறை கருவுற்றதாலோ உடற்பருமனாலோ வயிற்றுச்சுவர் நலிவுற்று, அவ்வழியே குடல் வெளித்தள்ளும். அங்கு அது நெரிபடின் குருதியோட்டம் தடைப்பட்டு அழுகத் தொடங்கும்.

கரோலைனுக்கு இந்நோய் 1724 இல் கடைசி மகள் லூயிசாவின் பிறப்போடு தோன்றியது. மன்னரும் மிக நெருங்கிய ஒருசிலருமன்றி வேறெவரும் அறியாவண்ணம் ஏறத்தாழ 13 ஆண்டுகள் அதனை மறைத்தார். 1737 நவம்பர் 9 இல் கடும் வயிற்றுவலி கண்டபோதும் அவர் வாய்திறக்கவில்லை. வைத்தியர்கள் வயிற்றுவலிக்குரிய மருந்துகளைக் கொடுத்துக் குருதி வடித்தனர். ஈற்றில் மன்னரே சத்திரவைத்தியர் றான்பிக்கு உண்மையை அறிவித்தார். மயக்கமருந்து இன்றியே சத்திரசிகிச்சை நடந்தது. 17 ஆந் திகதி குடல் வெடித்தது.

வெளிவந்த குடலை உள்ளே தள்ளாது வெட்டினார் என றான்பியைக் குறைகூறுவோர் உளர். குறை இல்லையென்று கூறமுடியாது. ஆயினும் ஈதர் மயக்கம் 1846 இலும், லிஸ்ரரின் கிருமியழிப்பு முறை 1867 இலும், வயிற்றுச்சுவரின் விளிம்புகளை ஒன்றன்மேலொன்றாக மடித்துத் தைக்கும் வில்லியம் மேயோவின் முறை 1901 இலுமே வெளிப்பட்டன. பொலிபுரொப்பிலீன் வலையை அஷர் அறிமுகஞ்செய்தது இவற்றுக்கும் பின்னராகும். இவற்றுள் ஒன்றேனும் அவர் கையில் இல்லை.

நம் கவனத்துக்குரியது அரசியின் மௌனமே. இவர் மருத்துவத்தை அஞ்சியவரல்லர். பெரியம்மைக்கு எதிராக அம்மைப்பால் குத்துவதைப் பலர் எதிர்த்த காலத்தில், 1722 இல், தம் புதல்வியர் இருவருக்கு அதனைச் செய்வித்தவர். பின் ஏன் மறைத்தார்? அரசவையில் அவரோடு நெருங்கிப் பழகிய ஹேர்வி பிரபுவின் நினைவுக்குறிப்புகள் (இவை 1848 இலேயே அச்சேறின), மன்னர்மீது தமக்கிருந்த பிடி தளரும் என்ற அச்சத்தைக் காரணமாகக் காட்டுகின்றன. ஹேர்வி நடுநிலையாளரல்லர் என்பதை மனங்கொண்டே இதனை ஏற்கவேண்டும். எனினும் இக்கூற்று புறக்கணிக்கத்தக்கதன்று. முதலமைச்சர் வால்போலின் செல்வாக்கு அரசியின் வழியாகவே மன்னரை எட்டியது. நோயுற்ற உடல் என்று வெளியே தெரிவது அவருக்கு அரசியல் இழப்பாகவும் இருந்தது. வால்போல் 1742 இல் பதவி நீங்கினார்.