நாற்றங்காலில் நீந்தும் நோய்: தாமிரபரணிப் பாசனமும் நீர்ப்பூஞ்சாணமும்

தாமிரபரணிப் பாசனத்தில் பிசானப் பட்டத்துக்கு நாற்றுப் பாவிய ஐந்தாறு நாளில், தண்ணீர் தேங்கிய பள்ளத்தில் குனிந்து பார்த்தால் சில நெல்மணிகளைச் சுற்றிப் பஞ்சு போல வெள்ளை நூல்கள் சிலிர்த்து நிற்பதைக் காணலாம். நாளாக ஆக அவற்றில் பாசி ஏறிப் பச்சையாகிவிடும். மணியை நசுக்கினால் கூழ்தான் பிதுங்கும். அதே நாற்றங்காலில் மேட்டில் விழுந்த விதை தெளிவாக முளைத்து நிற்கும். இது அக்லியா, பித்தியம் போன்ற நீர்ப்பூஞ்சாணங்களின் வேலை. குலைநோய் அளவுக்குப் பேரழிவு செய்வதல்ல. ஆனால் இதைப் பற்றிய அறிவு வளர்ந்த கதை உரக்கடை வாசல் வரை வருகிறது.

பித்தியம் என்ற பேரினத்தை 1858இல் வரையறுத்தவர் ஜெர்மன் தாவரவியலாளர் பிரிங்ஸ்ஹைம். இந்தியாவில் அதைத் துருவி ஆராய்ந்தவர் 1901இல் இங்கு வந்த அயர்லாந்துக்காரர் இ. ஜே. பட்லர். 1907இல் பித்தியம் பற்றித் தனி ஆய்வேடே வெளியிட்டார். கோதாவரிக் கழிமுகத்தில் பனைகளைச் சாய்த்த குருத்தழுகலின் காரணியையும் முதலில் பித்தியத்தில்தான் சேர்த்தார். பின்னர் அவரே அதை ஃபைட்டோப்தோராவுக்கு மாற்றினார். அவர் செய்த திருத்தம் குடும்பத்துக்குள் நடந்த இடமாற்றம்தான். இந்தக் குடும்பமே உண்மையான பூஞ்சாணங்களிலிருந்து வேறு என்பது அறிவியல் உலகில் உறுதிப்பட மேலும் பல பத்தாண்டுகள் ஆயின.

பூஞ்சாணத்தின் செல்சுவர் பெரும்பாலும் கைட்டினால் ஆனது, நீர்ப்பூஞ்சாணத்துக்கோ செல்லுலோஸ். அதன் வித்துகள் இரண்டு கசையிழைகளைக் கொண்டு தண்ணீரில் நீந்துகின்றன. ஊறிய விதையிலிருந்து கசியும் சர்க்கரையை மோப்பம் பிடித்தாற்போல் வந்து ஒட்டுகின்றன. உறவுமுறையில் இவை காளானைவிடக் கடலில் வளரும் பழுப்புப் பாசிக்கே நெருக்கம். 1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழித்ததும், நம் கம்பில் அடிச்சாம்பல் நோயை உண்டாக்குவதும் இதே கூட்டம்தான்.

இந்த வேறுபாடு பாடப்புத்தகத்தோடு நிற்பதல்ல. நெல் விதைநேர்த்தி என்றாலே கிலோவுக்கு 2 கிராம் கார்பென்டசிம் என்பது கிராமம் வரை பரவிய வாய்ப்பாடு. அது குலைநோயை மனத்தில் வைத்துச் சொன்னது. கார்பென்டசிம் பூஞ்சாணத்தின் செல் பிரியாமல் தடுக்கும். நீர்ப்பூஞ்சாணம் அதற்கு அசைந்து கொடுக்காது. இந்தக் கூட்டத்துக்கென்றே வந்த மெட்டலாக்சில் சந்தையைத் தொட்டது 1977இல். ‘பூஞ்சாணம்’ என்ற ஒரே சொல் இரண்டையும் ஒரே பொட்டலத்தில் கட்டிவிட்டது என்பது என் கருத்து.

1937இல் தொடங்கிய அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் ரகங்களுக்குப் பேர்போனது. 1986இல் வந்த குண்டரிசி ரகமான ஏ.எஸ்.டி. 16 அதற்குச் சான்று. நாற்றழுகலுக்கான காப்போ உழவர் கையிலேயே இருந்தது. தொழியடித்துப் பரம்பு ஓட்டி மட்டமாக்குவது, ஒரு நாள் ஊறவைத்து ஒரு நாள் மூட்டம் போட்டு முளைகட்டிய விதையைப் பாவுவது, மறுநாள் தண்ணீரை வடிப்பது: இவை எல்லாமே நீந்தும் வித்துக்கு நீரையோ அவகாசத்தையோ பறிக்கும் வேலைகள். விதைத்த 18 முதல் 24 மணி நேரத்துக்குள் நீரை வடி, பாத்தியில் எங்கும் குட்டை தேங்க விடாதே என்றுதான் வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரையும் சொல்கிறது.

இப்போது ஆள் பற்றாக்குறையால் உருளை விதைப்பான் கொண்டு சேற்றில் நேரடியாக விதைப்பது பரவுகிறது. ஏக்கருக்கு 8 சென்ட் நாற்றங்காலில் காட்டிய கவனத்தை இனி முழு ஏக்கருக்கும் காட்ட வேண்டும். அதுவும் பிசானப் பட்டத்தில், வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது. வெள்ளம் நிறைந்த வயலில் விமானத்திலிருந்து விதைக்கும் கலிபோர்னியாவில், நீர் குளிர்ந்து முளைப்பு தாமதமாகும்போதெல்லாம் இந்நோய் தலைகாட்டுகிறது. நம் வயலின் வெப்பம் இதுவரை நமக்குத் துணை.

எனவே விதையைச் சுற்றி வெள்ளை நூல் கண்டால் உரக்கடைக்கு ஓடுமுன் வாமடையைத் திறந்து தண்ணீரை வடியுங்கள். கார்பென்டசிம் இந்த நோய்க்கான மருந்தே அல்ல.