ஆலகாலம் உண்ட ஐயன் தாகம் தீர்த்த ஏரி – கோசாய்குண்டம்



போன வருஷம் நாங்க சில தொண்டர்கள் நேபாளம் போய்வந்த படங்களைப் பார்த்துவிட்டு, பிரதோஷ அபிஷேகம் முடிந்ததும் ஓர் அம்மா கேட்டாங்க: "தம்பி, எனக்கு முட்டிவலி. அந்த ஏரியைப் பார்க்கும் கொடுப்பினை இந்தப் பிறவியில் இல்லையா?" அவங்களுக்குச் சொன்னதை எல்லாருக்கும் எழுதுறேன்.

கோசாய்குண்டம் லாங்டாங் தேசியப் பூங்காவில், 4,380 மீட்டர் உயரத்தில் இருக்கு. துஞ்சேயில் தொடங்கினால் செங்குத்தான காட்டுப்பாதை. பாசி தொங்கும் பெரிய பெரிய மரங்கள். மூச்சு வாங்குவதால் யாரும் பேச மாட்டாங்க. ஐந்தெழுத்து மட்டும் மனசுக்குள்ளே ஓடும். லௌரிபினா தாண்டினால் மரமே இல்லை, வெறும் பாறை. முதலில் சரஸ்வதி குண்டம், அடுத்து பைரவ குண்டம், அப்புறம் கோசாய்குண்டம். குளிர்காலத்தில் ஏரி உறைந்துவிடும்.

பாற்கடல் கடைந்த கதை நமக்குத் தெரியும். நஞ்சின் வெப்பம் தணிய ஐயன் இங்கே திரிசூலத்தால் மலையைக் குத்த, மூன்று ஊற்று பொங்கி ஏரியானது என்பது அந்த ஊர் நம்பிக்கை. இங்கிருந்து இறங்கும் ஆற்றுக்குப் பெயரே திரிசூலி! தண்ணீருக்குள் தெரியும் பாறையை, படுத்திருக்கும் சிவன் என்று கும்பிடுறாங்க. நம் பக்கத்துச் சுருட்டப்பள்ளியிலும் நஞ்சுண்ட ஈசன் பள்ளிகொண்ட கோலம்தானே? எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் கதை ஒன்றுதான்.

இங்கே பெருவிழா ஜனை பூர்ணிமா. நாம் ஆவணி அவிட்டம் செய்யும் அதே பௌர்ணமியையொட்டி அங்கேயும் பூணூல் மாற்றுறாங்க. மற்றவங்க எல்லாரும் கையில் காப்புக்கயிறு கட்டிக்குறாங்க. தாமாங் பூசாரிகள் மேளம் அடித்துக்கொண்டே மலையேறி வருவாங்க. பௌத்தர்களுக்கும் இது புனித ஏரி. 2007-ல் இந்த ஏரிகள் ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டன.

இப்போ அந்த அம்மாவின் கேள்விக்கு வர்றேன். காட்மாண்டு பக்கத்தில் பாட்டன் நகரில் கும்பேஸ்வரர் கோயில் இருக்கு. 1392-ல் கட்டியது, இன்று ஐந்து அடுக்குக் கூரையோடு நிற்குது. கோசாய்குண்டத்துத் தண்ணீர்தான் பூமிக்கடியில் வந்து இந்தக் கோயில் குளத்தை நிரப்புது என்று தலைமுறை தலைமுறையா நம்புறாங்க. ஜனை பூர்ணிமா அன்று குளத்தின் நடுவே வெள்ளி லிங்கம் எழுந்தருளும். மலை ஏற முடியாத வயசானவங்களும், கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்மாரும் இங்கேயே நீராடி வணங்குறாங்க. அறுநூறு வருஷத்துக்கும் மேலான கோயிலில், ஏற முடியாதவங்களுக்கும் ஒரு இடம் இருக்கு.

ஏறக்கூடியவங்களுக்கும் ஒரு வார்த்தை. தயவுசெய்து அவசரப்படாதீங்க. துஞ்சே சுமார் 2,000 மீட்டர்தான். அங்கிருந்து ஒரே மூச்சில் மேலே போனால் உயர நோய் வரும், உயிருக்கே ஆபத்து. சந்தன்பாரியிலும் லௌரிபினாவிலும் தங்கிப் போங்க. தலைவலியோ வாந்தியோ வந்தால் உடனே கீழே இறங்கிடுங்க. ஏரி பக்கத்தில் இருந்தாலும் திரும்பிடுங்க. எங்களில் ஒருவர் லௌரிபினாவிலேயே திரும்பினார். அவர் ஏரியைப் பார்க்கவில்லை; ஆனால் பாட்டனில் எங்களோடு நின்று கும்பிட்டார்.

அந்த அம்மா கேட்டுட்டு, "அப்போ ஐயனே இறங்கி வந்திருக்கார்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கிட்டாங்க.

சிவாயநம.