நயினார்: ஒரு சொல்லும் ஒரு தீவும்

யாழ்ப்பாணத்தை ஆண்ட ஒல்லாந்தர் இங்குள்ள தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். காரைதீவு அம்ஸ்ரர்டாம் ஆயிற்று. வேலணை லைடன் ஆயிற்று. நெடுந்தீவு டெல்ஃப்ட் ஆயிற்று. நயினாதீவுக்கு வாய்த்தது ஹார்லெம் என்னும் பெயர். டெல்ஃப்ட் இன்றும் வழங்க, ஹார்லெம் பழைய தேசப்படங்களோடு நின்றுவிட்டது. அதனை வென்று நிலைத்த ‘நயினா’ என்னும் சொல் யாது?

தலைவன் எனப் பொருள்படும் நாயகன் என்னும் வடசொல்லோடு தொடர்புடையது நாயன். அதன் உயர்வுப் பன்மை நாயனார். யகரத்தின் சார்பால் அடுத்த அகரம் இகரமாகி, முதலும் குறுகி, நயினார் என நின்றது. பிற்காலச் சோழர், பாண்டியர் கல்வெட்டுக்களில் சிவபெருமானே நாயனார் எனப்படுகிறார். பின்னர் அடியாரும் அப்பெயர் பெற்றனர். வைணவத்தில் வேதாந்த தேசிகரின் மைந்தர் நயினாராசாரியர் எனப்பட்டார்.

இச்சொல் ஒரு சமயத்தாருக்கே உரியதன்று. தமிழ்நாட்டுச் சமணர் இதனைத் தம் குடிப்பெயராகக் கொண்டனர். 1936 இல் நீலகேசியைப் பதிப்பித்த சக்கரவர்த்தி நயினார் அம்மரபினர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் அரபுப் பேராசிரியராயிருந்து, துஹ்பத்துல் முஜாஹிதீன் என்னும் நூலை 1942 இல் ஆங்கிலத்தில் தந்த முகம்மது ஹுசைன் நயினார் இஸ்லாமியர். மலையாளத்தின் முதற் சிறுகதையெனப்படும் ‘வாசனாவிக்ருதி’யை 1891 இல் எழுதிய வேங்கயில் குஞ்ஞிராமன் நாயனார் வடமலபாரின் நிலக்கிழார் குடியில் வந்தவர். சமயத்தாற் பிரிந்தோரை ஒரு பெயர் இவ்வாறு தொடுத்து நிற்றல் வியப்பே.

யாழ்ப்பாணத்தில் இச்சொல்லுக்கு நேர்ந்த கதி வேறு. இங்கு அது குடிப்பெயராகாது விளிப்பெயராயிற்று. நிலமுடையாரை நயினார் என்றும், அவர்தம் மனைவியரை நாச்சியார் என்றும் அடிமை குடிமைகள் அழைத்தல் வேண்டும் என்பது கட்டுப்பாடு. வயதில் முதிர்ந்தவனும் இளைஞன் ஒருவனை நயினார் என விளிக்க, அவனோ முதியவனைப் பெயர் சொல்லி அழைப்பான். கடவுளுக்குரிய சொல்லை மனிதன் கவர்ந்துகொண்டதன் விளைவு இது. இதனைப் பண்பாடு எனப் போற்றுவார் உளராயின், அவர் விளிக்கப்பட்டவர் வரிசையிலன்றி விளித்தவர் வரிசையில் நின்றவராகார். பொது இடங்களிலும் கோயில்களிலும் சாதி பற்றி நுழைவு மறுத்தலைக் குற்றமாக்கிய 1957 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம் விளிச்சொல்லைப் பற்றிப் பேசவில்லை. கல்வியும் தொழில் மாற்றமும் கிளர்ச்சியுமே அதனை நாவினின்று அகற்றின.

இனித் தீவுக்கு வருவோம். நயினாதீவின் நயினார் எவர்? சிங்களத்தில் நல்லபாம்பு ‘நயா’ எனப்படுதலின், நாகத்தீவே நயினாதீவாயிற்று எனக் கருத இடமுண்டு. ஆயின் சிங்களர் இத்தீவை நாகதீப என்றே வழங்குவரன்றி நயாவைச் சேர்த்து வழங்குவதில்லை. மேலும், நாகதீபம் என்பது பண்டு இச்சிறு தீவையே குறித்தது என்பதும் ஐயத்துக்குரியது. 1936 இல் கண்டெடுக்கப்பட்ட வல்லிபுரப் பொற்சாசனம், வசப மன்னன் காலத்தில் அமைச்சன் ஒருவன் நாகதீவை ஆண்டதாகக் கூறுகிறது. ஓர் அமைச்சன் ஆளுதற்குரிய நிலம் குடாநாடு முழுவதுமாதலே பொருந்தும்.

விடை கோயிலிலேயே உள்ளது. நாகபூஷணி அம்பாளோடு அங்கு எழுந்தருளிய சிவபெருமானுக்கு நயினார் என்பதே திருப்பெயர். முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்திறங்கும் பரதேசிகளைக் குறித்தும் உடைந்த மரக்கலங்களைக் குறித்தும் பிறப்பித்த ஆணை தமிழிற் பொறிக்கப்பட்டு அக்கோயிலிலேயே காணப்படுகிறது. சிங்கள மன்னனும் தமிழில் ஆணையிட்ட இக்கடற்புறத்தில், இறைவன் தமிழ்ப்பெயர் தீவுக்கு ஆனது இயல்பே. நயினார்தீவு நயினாதீவாயது, ‘பார்த்து’ என்பது பேச்சிற் ‘பாத்து’ ஆவது போன்றது.

புலவர் இதனை மேலும் சுருக்கி நயினை என்பர். இத்தீவின் நாகமணிப் புலவர் பாடியது நயினை நிரோட்ட யமக அந்தாதி. நிரோட்டமாவது இதழ் குவியாமலும் ஒட்டாமலும் ஒலிக்கும் எழுத்துக்களாலேயே பாடுவது. நயினாதீவு என்பதன் ஈற்று வுகரம் அங்கு நுழைய இயலாது; நயினை தடையின்றி நுழையும்.