வைத்திருப்பவரைக் கேள்

சடையங்குப்பத்தில் இருக்கும் என் தங்கை மகன் வந்து, "மாமா, மின்சாரக் கார் வாங்கலாம் என்று நினைக்கிறேன். உங்கள் யோசனை என்ன?" என்று கேட்டான். எனக்குக் கார் கிடையாது, ஓட்டவும் தெரியாது. யோசனை சொல்வதற்கு இவையெல்லாம் தடையாக இருந்ததில்லை. ஆனால் இந்தத் தடவை தயங்கினேன். சென்னை டிராமின் கதை ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

மின்சார வண்டி நமக்குப் புதிது அல்ல. இந்தியாவின் முதல் மின்சார டிராம் 1895-ஆம் வருஷம் சென்னையில்தான் ஓடியது. ஆரம்பத்தில் மின்சாரக் கம்பியைத் தெருவுக்கு அடியில் கால்வாய் மாதிரி வெட்டிப் பதித்திருந்தார்கள். புடாபெஸ்ட் நகரத்தில் 1887-லேயே செய்து பார்த்த முறை அது. ஆனால் புடாபெஸ்டில் ஐப்பசி மாதம் கிடையாதே! சில மழைக்காலங்களுக்குப் பிறகு இங்கே கம்பி தெருவை விட்டுத் தலைக்கு மேலே ஏறிவிட்டது. ஐப்பசி எப்படி இருக்கும் என்று கொத்தவால் சாவடிக் கூலியாள் ஒருவரைக் கேட்டிருந்தால் முன்பே சொல்லியிருப்பார். 1953-இல் டிராமே நின்றுபோனது. அதற்குக் காரணம் மழை அல்ல, நஷ்டம்.

மின்சாரக் காரும் பழையதுதான். ஹென்றி ஃபோர்டு உலகத்துக்கெல்லாம் பெட்ரோல் கார் விற்றுக்கொண்டிருந்த காலத்தில், அவர் மனைவி கிளாரா ஓட்டியது 'டெட்ராய்ட் எலெக்ட்ரிக்' என்ற மின்சாரக் கார். கைப்பிடியைச் சுழற்றிக் கிளப்ப வேண்டாம், புகையில்லை, இரைச்சலில்லை. அந்த நாளில் யோசனை கேட்பதாக இருந்தால் நான் ஃபோர்டைக் கேட்டிருக்க மாட்டேன். அந்த அம்மாளைத்தான் கேட்டிருப்பேன்.

ஆகவே மருமகனையும் அழைத்துக்கொண்டு, மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் மூன்று பேரைத் தேடிப் போனேன். அண்ணா நகரில் இருந்தவர் பெட்ரோல் செலவு மிச்சமானதைக் கணக்குப் போட்டுக் காட்டினார். திருவொற்றியூரில் அடுக்குமாடி வீட்டில் இருந்தவர், "கார் நல்ல கார்தான். சார்ஜ் போடத்தான் கீழே இடமில்லை" என்று பெருமூச்சு விட்டார். மருமகன் இரண்டையும் குறித்துக்கொண்டான்.

மூன்றாமவர் மணலிக்காரர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அந்தப் பக்கத்தில் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வந்ததை நேரில் பார்த்தவர். அவர் யோசனை சொல்லவில்லை, எதிர்க்கேள்வி போட்டார்.

"தம்பி, பாட்டரி ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று விற்பவர் சொல்லியிருப்பாரே?"

"ஆமாங்க."

"உங்க ஊர்லே தண்ணி அரை மணியிலே வடிஞ்சிடுமா?"

மருமகன் வாய் திறக்கவில்லை. பூண்டி ஏரியைத் திறந்துவிட்டால் கொசஸ்தலை ஆற்றுத் தண்ணீர் சடையங்குப்பத்துக்குள் வருவதும், வந்தால் நாள் கணக்கில் தங்குவதும் அவனுக்குத் தெரியாததல்ல. காரைப் பார்த்த மயக்கத்தில் ஊரை மறந்திருந்தான். பெட்ரோல் காரும் வெள்ளத்தில் கெடத்தான் செய்யும். ஆனால் மின்சாரக் காரின் விலையில் பெரும் பங்கு பாட்டரிதான். அது இருப்பதோ வண்டியின் அடிவயிற்றில்.

"இன்ஷூரன்ஸ்காரர் பாட்டரிக்கும் வெள்ள நஷ்டம் தருவாரா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மேட்டில் ஓர் இடமும் பார்த்து வையுங்கள்" என்று சொல்லிக் காப்பி கொடுத்து அனுப்பினார்.

மருமகன் இன்னும் கார் வாங்கவில்லை. ஆசையை விடவும் இல்லை. இப்போது ஊர்ப் பெரியவர்களிடம், எந்த வருஷத்துத் தண்ணீர் எந்த வீட்டுப் படி வரை ஏறியது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறான். அவர்களில் ஒருவரிடமும் கார் இல்லை.